தேனுகா சாகடித்த அப்பா

செத்துப்போன அப்பா முற்றத்தில் நின்று சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அதுவும் பாட்டு முணுமுணுத்தபடி. தேனுகா வாசல் படலையை எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அடிச்ச காத்துக் காணும் அப்பா. வெளிக்கிடுங்கோவன்."

"ஏன் பிள்ளை என்னைக் கலைக்கிறாய்? பரந்தன் சந்தியிலை உரக்கடை திறக்க இன்னும் நேரம் கிடக்கு."

அப்பா ஐயாத்துரைக்கு எதிலும் அவசரம் கிடையாது. மகளைப் படிப்பிக்கிற மிஸ் வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்தால், உரமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நல்ல வேட்டி கட்டிக்கொண்டு கதிரையில் இருந்துவிடுவார். அதனால் தேனுகா அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. குசினிக்குள் அம்மா வேறு நெற்றி நிறையக் குங்குமத்தோடு புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அதை அழியுங்கோ என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?

எல்லாம் அந்த எழுத்து வகுப்பால் வந்த வினை. கிளிநொச்சிக்குக் கொம்பியூட்டர் படிக்கத்தான் போனாள். அங்கே இடமில்லை என்று ஊடக டிப்ளோமாவில் போட்டுவிட்டார்கள். கிழமைக்கு ஒரு பக்கம் எழுதியே ஆகவேண்டும். அவளுக்கு அது வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி. மூன்று வரிக்கு மேல் வராது.

மற்றவர்கள் எழுதித் தள்ளினார்கள். சண்டையில் காணாமல் போன அண்ணனைப் பற்றிச் சாரங்கா வாசித்தபோது வகுப்பே மூக்கைச் சிந்தியது. தேனுகா வீட்டிலோ அப்பா, அம்மா, அவள் என்று மூவரும் முழுசாகத் தப்பி வந்தவர்கள். செட்டிகுளம் அகதி முகாமில்கூட மூவரும் ஒரே கூடாரம். இதில் எதை எழுதுவது?

"உம்மட மனசிலை ஒண்டுமே இல்லையோ, தேனுகா?" என்று சுமித்திரா மிஸ் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அந்த ரோசத்தில்தான் அவள் அப்பாவைச் சாகடித்தாள்.

சண்டை முடிந்தபோது அவளுக்கு மூன்று வயது. ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் பேனையை வைத்ததுதான் தாமதம், அது தன்பாட்டில் ஓடியது. பங்கருக்குள் தாகத்தில் அழுகிற குழந்தை. கடைசித் தண்ணீரைப் பால்மா ரின்னின் தகர மூடியில் ஊற்றிப் பருக்கிவிட்டு, வெறும் வாளியோடு கிணற்றடிக்கு ஓடுகிற அப்பா. பிறகு ஒரு ஷெல். அந்த மூடி தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வாசித்து முடித்த மிஸ் கண்ணைத் துடைத்தார். அன்றைக்குப் பிறகு தேனுகாவுக்கு எழுத்து இனித்தது. பஸ்ஸிலும் எழுதினாள், அடுப்படியிலும் எழுதினாள், எழுதாவிட்டால் நித்திரை வரவில்லை.

சாரங்காவும் அவளோடு ஒட்டிக்கொண்டாள். "எங்கட வலி எங்களுக்குத்தானடி தெரியும்," என்று கையைப் பிடிப்பாள். அப்போதெல்லாம் உண்மை தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போகும். சொன்னால் வகுப்பும் போகும், சாரங்காவும் போவாள், எழுத்தும் போய்விடும். சொல்லாவிட்டால் சாரங்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவளுடையது ஒரு தவணை முழுக்க ஓடிவிட்டது. நேற்றுத்தான் மிஸ் தலையில் குண்டைப் போட்டார்.

"உம்மட கட்டுரையை எங்கட ஆண்டு மலரிலை போடப்போறம். நாளைக்கு வந்து அம்மாவிட்டை நானே சொல்லவேணும்."

"அம்மாவுக்குச் சுகமில்லை மிஸ்."

"அப்ப கட்டாயம் வரத்தான் வேணும்."

படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. ஐயோ, சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டார்கள்! மிஸ் பழப்பையோடு இறங்கினார். பின்னால் சாரங்கா, கையில் சந்தன மாலை. அப்பாவின் படத்துக்குப் போடவாம்.

அப்பா இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி முன்னே போனார்.

"வாங்கோ, வாங்கோ! நான்தான் தேனுகாவின்ர தகப்பன்."

சாரங்கா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தேனுகாவுக்கு ஓடுவதற்கு வழியுமில்லை. முன்னுக்கு ஓட்டோ, பின்னுக்கு வாய்க்கால்.

"நான் என்ர அண்ணாவை நினைச்சு அழுதழுது எழுதினனான்," என்றாள் சாரங்கா. "நீ பொய்யோடி எழுதினனீ?"

மிஸ் பையிலிருந்த கட்டுரையை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "வாசிச்சுப் பாருங்கோ ஐயா. உங்கட மகள் உங்களைச் சாக்காட்டிப்போட்டா."

அப்பா நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாதியில் கதிரையைத் தடவிப் பிடித்து இருந்தார். குசினியிலிருந்து வந்த அம்மா அவருடைய தோளுக்கு மேலால் எட்டி வாசித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாம் பொய்யப்பா! நானாக் கட்டின கதை. என்னை அடியுங்கோ, கொல்லுங்கோ," என்று தேனுகா அவர் காலடியில் விழுந்து குழறினாள். செத்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

அப்பா அடிக்கவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். அப்பா மகளுடைய தலையில் கையை வைத்தார்.

"உன்னைப் பெத்தவர் இப்பிடித்தான் செத்தவர் எண்டு உனக்கு ஆர் பிள்ளை சொன்னது?"