புகை வராத அடுப்பு

அடுப்பு மறுபடியும் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துபோனது.

பித்தளைப் பானையில் பால் ஊற்றியது ஊற்றியபடி கிடந்தது. பொங்குவது இருக்கட்டும், வெதுவெதுப்புகூட ஏறவில்லை.

செடெனாக்கில் புது வீடு. வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். நல்ல நேரம் போகிறது, போகிறது என்று பூசாரி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பாலை ஊற்றி முதலில் அடுப்பைத் தொட்டது புஷ்பவள்ளிதான், நாத்தனார் முறைக்கு. இப்போது வீட்டுக்காரி பிரேமலா, பட்டுச்சேலை கசங்க, அடுப்பின் கண்ணாடிப் பலகையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தாள்.

புஷ்பவள்ளி முகத்தைப் பாவம்போல வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வயிறு குளுகுளுவென்று இருந்தது. தவிக்கட்டும். நல்லாத் தவிக்கட்டும்.

பின்னே, சும்மா விடுவாளா?

போன காட்டுத்தீப் புகைமூட்டத்தின்போது அவர்கள் குடியிருந்த தாமான் குடியிருப்பில் வெளியே எதையும் எரிக்கக் கூடாதென்று உத்தரவு. நாடே புகையில் கிடந்தது. அதில் புஷ்பவள்ளியின் கொல்லை விறகடுப்புதான் பிரேமலாவின் கண்ணை உறுத்தியதாம். படம் பிடித்துப் புகார் அனுப்பிவிட்டாள். சொந்தத் தம்பி பெண்டாட்டி! அதிகாரிகள் வந்து அடுப்பை இடிக்க வைத்தார்கள். அந்த அடுப்பில் முறுக்குச் சுட்டுத்தான் புஷ்பவள்ளியின் பிழைப்பே ஓடியது. கேஸில் சுட்டால் பழைய ருசி இல்லையென்று வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருந்தாள்.

வேளை வந்தது கூலாயில் ஒரு சாமான் கடையில். புது வீட்டுக்கு அடுப்பு வாங்க பிரேமலாவே அண்ணி, அண்ணி என்று கூட்டிப்போனாள். கேஸா, மின்சாரமா என்று அவளுக்கு ஒரே குழப்பம். இண்டக்‌ஷன் அடுப்பைக் காட்டியது புஷ்பவள்ளி. நெருப்பில்லை, புகையில்லை, உனக்குத்தான் புகை ஆகாதேம்மா என்று தேனொழுகச் சொன்னாள்.

பிரேமலா நிறம் பார்க்கப் போன நேரத்தில் கடைக்காரச் சீனர் மலாயில் எச்சரித்தார். காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வைத்தால்தான் இது சுடும், பித்தளையோ மண்பானையோ ஆகாது என்றார். புஷ்பவள்ளி நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிரேமலாவிடம் மூச்சு விடவில்லை.

அவர்கள் குடும்பத்தில் எந்தப் புது வீட்டிலும் பித்தளைப் பானையில்தான் பால் பொங்கும். அது அவளுக்குத் தெரியாதா என்ன?

தம்பி கமலநாதன் வயரைப் பிடுங்கிச் சொருகினான். மறுபடியும் கீ கீ. புகை வேணாம்னவ வீட்டில் பாலும் பொங்காது போலிருக்கே என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. புஷ்பவள்ளிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அடுப்போடு இனாமாக வந்த எவர்சில்வர் சட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் பால் பொங்கிவிடும். கொடுப்பாளா?

பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டார். நேரம் முடிந்தது.

அப்போதுதான் பெரியம்மா தனலெட்சுமி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன். தாலியறுத்தவளப் போயி அடுப்பு மூட்ட விடாதீங்கன்னு. கேட்டீங்களா?"

சிரிப்பு நின்றது. எல்லாக் கண்ணும் புஷ்பவள்ளியின் பொட்டில்லாத நெற்றிக்குத் திரும்பியது.

பிரேமலா வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"பிடிவாதம் பிடிச்சது நான் பெரியம்மா. அவங்க அடுப்ப இடிக்க வச்சவ நான், என் அடுப்ப அவங்கதான் மூட்டணும்னு நெனச்சேன். அடுப்புதான் கெட்டது. அண்ணி கையில ஒரு குறையும் இல்ல."

யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. பெரியம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே நாலைந்து பேர் போனார்கள்.

பானைதான் காரணம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புஷ்பவள்ளியின் கை சுத்தமாகிவிடும். ஆனால் உனக்கெப்படித் தெரியும் என்று உடனே கேட்பார்கள்.

பிரேமலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

புஷ்பவள்ளி வாயைத் திறக்கவில்லை.