மேல்தட்டு மஞ்சள் பெட்டி

"அத்தை, இந்தப் பெட்டியைத் திறந்துட்டேன். திறக்கக் கூடாதா?"

போட்டோ கழுவும் இருட்டறையின் வாசலில் மருமகள் நின்றிருந்தாள். ஒரு கையில் மஞ்சள் நிற அட்டைப்பெட்டி, இன்னொரு கையில் அதன் மூடி. உள்ளே இருந்த கறுப்பு உறை கிழிந்து தொங்கியது. அவளுக்குப் பின்னால் குழல் விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

முன்னறையில் படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த மாமியாரின் கை அப்படியே நின்றது.

"விளக்கைப் போட்டுட்டா திறந்தே?"

"இருட்டுல எப்படித் தூசி தட்டறது அத்தை?"

மாமியாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கல்யாணமாகி மூன்று வாரம்தான். கல்யாணப் படங்களை என் கையாலேயே பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று கணவன் சொல்லியிருந்தான். அவன் வெளியே போன நேரத்தில் அறையைச் சுத்தம் செய்து அசத்தலாம் என்று உள்ளே போனவளுக்கு, மேல்தட்டுப் பெட்டியில் அந்தப் படங்கள்தான் இருக்கும் என்று தோன்றிவிட்டது. ஆவலாகத் திறந்தால் எல்லாம் வெறும் தாள். ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளில் லேசாக ஊதா நிறம் பூத்தது. அப்போதுதான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பட்டது.

"இது வெள்ளி உப்பு பூசின காகிதம்மா. சிவப்பு விளக்கு தவிர எந்த வெளிச்சம் பட்டாலும் அவ்வளவுதான்" என்றாள் மாமியார். "எனக்குக் கல்யாணமான பத்தாம் நாளே உங்க மாமா உட்கார வச்சுச் சொல்லிக் குடுத்துட்டார். முப்பத்திரண்டு வருஷத்துல என் கையால ஒரு தாள் வீணானதில்லை."

பெருமையாகச் சொல்லிவிட்டு, மருமகளின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்று இருந்தது.

போனிலேயே ஆயிரம் படம் எடுக்கிற காலத்தில் இந்தக் காகிதத்தை யார் சீந்துவார்கள் என்று மருமகளும் கல்யாணத்துக்கு முன் நினைத்ததுண்டு. வந்து பார்த்தால் வாசலில் ஆள் ஓயவில்லை. ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள், முதல் குழந்தையின் படத்தை இதில்தான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் அப்பாக்கள், கண்காட்சி வைப்பவர்கள். கேட்பவர்கள் கூடிப்போய், ஏஜெண்டிடம் சரக்கு வந்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறதாம். அடுத்த பார்சலுக்கு ஆறு வாரம் ஆகும். ஒரு கண்காட்சிக்கு முப்பது படங்களை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். கையில் இருப்பது ஒரே பெட்டி என்று நேற்றுச் சாப்பிடும்போது அவன் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள்.

"பேசாம மூடி வச்சிடட்டுமா அத்தை?" கேட்டுவிட்டு அவளே கூசிப்போனாள்.

"வச்சா நாளைக்கு அத்தனையும் கன்னங்கரேல்னு வரும். அவன் படம் கழுவற மருந்து சரியில்லை, தண்ணி சரியில்லைன்னு தலையைப் பிச்சுக்குவான்."

"அவர் முதல்முதலா நம்பிச் சாவியைக் குடுத்தார். இனிமே இந்த அறைப் பக்கமே என்னை விடமாட்டார் இல்ல?"

கண்ணில் நீர் முட்டியது. மாமியார் பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தாள். பசைக் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"அவன் வந்ததும் நீ வாயைத் திறக்காதே. நான் பேசிக்கறேன்."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கையில் மருந்து பாட்டில்களோடு உள்ளே வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"டேய், உன் பேப்பர் பெட்டியை வெளிச்சத்துல திறந்துட்டேன். தூசி தட்டப் போனேன், மறந்துபோச்சு. திட்டறதுன்னா என்னைத் திட்டு."

அவன் பெட்டியைப் பார்த்தான். பிறகு அம்மாவை. இருட்டறைக்குள் அவள் கால் வைத்து எத்தனை வருஷமாகிறது என்று அவனுக்குத் தெரியாதா?

"இல்லைங்க, நான்தான்" என்றாள் மனைவி, உடைந்த குரலில். "அத்தை எனக்காகச் சொல்றாங்க."

"நீ சும்மா இரும்மா. நான்தான்டா திறந்தேன். நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ."

அவன் உள்ளே போய், மேஜைக்கு அடியில் பூட்டியிருந்த மரப்பெட்டியைத் திறந்தான். திரும்பி வந்தபோது கையில் இன்னொரு மஞ்சள் பெட்டி, ஒட்டிய சீல் பிரியாமல்.

"கண்காட்சிக்கு வாங்கினது இது. நல்ல பேப்பரை அப்பாவும் மேல்தட்டுல வச்சதில்லை, நானும் வைக்கறதில்லை. இந்தக் கம்பெனிக்காரங்க இத்தனை வருஷமா பெட்டி நிறத்தை மட்டும் மாத்தவே இல்லை."

மனைவிக்கு மூச்சு வந்தது. "அப்போ நான் திறந்தது?"

"அது கெட்டுப்போய் ரொம்ப காலமாச்சு. அம்மா சொல்றதுதான் நிஜம்."

"என்னடா உளர்றே?" என்றாள் அம்மா.

அவன் சற்றுத் தயங்கினான். "அப்பா கோவிச்சுக்க மாட்டார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பழைய பெட்டியைக் கவிழ்த்து அம்மா முன் நீட்டினான்.

அடிப்பக்கத்தில், நிறம் மங்கிய மையில், அவளுக்குப் பழக்கமான அந்தச் சாய்ந்த கையெழுத்து:

'கல்யாணமான ஒன்பதாம் நாள். ஆசையாகத் திறந்து பார்த்தாள். புதுப் பெட்டி, ஒரு தாளும் தேறாது. பழைய காகிதம்தான், பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்.'