குளம் வெட்டும் இடம்

தொழில்களெல்லாம் படுத்துவிட்ட காலம். வேலையில்லாதவர்களை வைத்து அரசாங்கம் ஊருக்குக் குடிநீர்க் குளம் வெட்டுகிறது. ஆட்களுக்கு வேலை வேண்டுமே என்று மண்வாரி இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி ஓரமாக நிறுத்தியிருக்கிறார்கள். மூடிப்போன வங்கியின் குமாஸ்தா இன்றுதான் சேர்ந்திருக்கிறான். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நல்ல பெயர் எடுத்தால் வேலை நிலைக்கும் என்ற நினைப்பில், உள்ளங்கைக் கொப்புளம் உடைந்தும் மூச்சிரைக்க வெட்டுகிறான். மண் சுமக்கும் பெண் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்கிறாள். "ஏன் தம்பி, எங்க வாயில மண்ணள்ளிப் போடவா இந்த வேகம்? குளம் முடிஞ்சா நீயும்தான் வீட்டுக்குப் போகணும்." அவன் நிமிர்ந்து பார்க்கிறான். சுற்றிலும் மண்வெட்டிகள் தூக்கக் கலக்கத்தில் இருப்பவைபோல் எழுந்து இறங்குகின்றன. அவனுடையதும் மெல்ல அந்தத் தாளத்துக்கு வருகிறது. கரையில் ஓவர்சியர் வந்து நிற்கிறார். பள்ளம் எல்லையை நெருங்கிவிட்டதைப் பார்க்கிறார். கீழே எல்லோர் கையும் ஓய்கிறது. காற்றில் தார்ப்பாய் படபடக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அவர் குனிந்து எல்லைக்கு அடித்திருந்த முளைக்குச்சியைப் பிடுங்குகிறார். நிதானமாக நடந்துபோய், தள்ளி ஓரிடத்தில் ஊன்றி, கல்லால் தட்டி இறக்குகிறார். "ஊருக்குத் தண்ணி கொஞ்சம் தாராளமாவே இருக்கட்டும்," என்கிறார், யார் முகத்தையும் பார்க்காமல்.