எண்ணெய்த் துணி

சண்டை ஓய்ந்தால் இரண்டு பக்கமும் ஒரே குழியில் துப்பாக்கிகளைப் புதைக்க வேண்டும் என்பது அந்த மண்ணின் வழக்கம். குழி வெட்டும் வேலை காளத்தி தலையில் விழுந்தது. எதிர்ப்படையிலிருந்து அவனோடு வெட்ட வந்தவன் செங்கோடன். நேற்றுவரை ஒருவரையொருவர் குறிபார்த்துக் கிடந்தவர்கள்தான். இப்போது முறைத்துக்கொள்ளக்கூட இருவருக்கும் தெம்பில்லை.

இடுப்பளவு தோண்டியதும் மண்வெட்டி இரும்பில் மோதியது. காளத்தி குனிந்து இழுத்தான். எண்ணெய்த் துணியில் சுற்றிய துப்பாக்கி. பிரித்துப் பார்த்தால் துளித் துரு இல்லை, நேற்று வாங்கியது போல இருந்தது.

“எங்கப்பா காலத்துச் சமாதானம்” என்றான் செங்கோடன்.

காளத்தி காறித் துப்பினான். “புதைக்கிறவனுக்கு எண்ணெய் எதுக்கு? திரும்ப எடுக்கத்தானே? இந்த எண்ணெய்தான் என் தம்பியைத் தின்னுச்சு.”

செங்கோடன் அதைத் துணியோடு திரும்பக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினான். பக்கத்தில் வேறு குழி வெட்டினார்கள். ஒவ்வொருவராக வந்து துப்பாக்கியை இறக்க, சுற்றி நின்ற சனம் கைதட்டியது. கடைசியில் இவர்கள் இருவர்தான் பாக்கி.

காளத்தி குழியோரம் குந்தினான். அடியில் மண் ஈரமாக இருந்தது. தன் துப்பாக்கியைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்தான். மறுபடியும் துடைத்தான். கை அதோடு நிற்காமல் இடுப்புப் பையைத் துழாவியது. எண்ணெய்ப் புட்டி காலி.

செங்கோடன் தன் புட்டியைத் திறந்து நீட்டினான்.

“எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையி.”