கை மாறிய பட்டை

ஊசி குத்தாமல், தோலில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சியே சர்க்கரை பார்க்கும் பட்டை அது. வேலாயுதத்தின் மணிக்கட்டில் அதற்கு ஒரு நிமிஷம் இருப்புக்கொள்ளாது. கொஞ்சம் கூடினாலும் சென்னையிலிருக்கும் மகளின் போனுக்குக் கோள் சொல்லிவிடும்.

கல்யாணப் பந்திக்குப் போகுமுன் வேலாயுதம் அதைக் கழற்றி, மனைவி காந்திமதியின் கையில் மாட்டினார்.

"ஜாங்கிரி திங்கிற வரைக்கும் நீ வச்சுக்கோ. உனக்குத்தான் ஒண்ணும் கிடையாதே."

பட்டை அவள் தோலைத் தொட்டுப் பார்த்தது. திடுக்கிட்டு மறுபடி பார்த்தது. பிறகு கிடந்து அலறியது.

மகள் உடனே கூப்பிட்டாள். "அப்பா, என்னத்தத் தின்னீங்க? முந்நூறைத் தாண்டிருச்சு!"

"இன்னும் இலையிலயே உக்காரலம்மா. மிஷின் கோளாறு" என்றவர், பட்டையை அணைத்துக் காந்திமதியின் கைப்பைக்குள் போட்டார்.

உள்ளே கிடந்த, முன்பு வேலாயுதத்தின் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்த பழைய குத்தூசி கேட்டது: "பொய் சொன்னியாடா?"

"நெசத்தைத்தாண்ணே சொன்னேன்! நீங்க அந்தம்மா விரலைக் குத்திப் பார்த்ததே இல்லையா?"

"என்னை அந்தப் பக்கம் யாரு கொண்டுபோனா?"

பைக்கு வெளியே காந்திமதி, பரிமாறுகிறவனிடம் இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.