சுவரில் ஓட்டை போட்டவன்

"ஒரு வார்த்தை கேக்காம தம்பி வீட்டுச் சுவத்தை உடைச்சிருக்கான்! இவனையெல்லாம் என்ன பண்றது?"

எங்கள் மஹல்லாவின், அதாவது பேட்டை சபையின், தலைவி மன்சூரா அக்கா மனுவை என் மேசையில் வீசினார். தம்பி இல்ஹோம் கைப்பட எழுதியது. 'அண்ணன் போட்ட ஓட்டையால் உயிருக்கு ஆபத்து. நேரில் வந்து பார்க்கவும்.' அவ்வளவுதான்.

நான் அந்த ஆபீஸில் எழுத்தர். பார்க்க என்ன இருக்கிறது? அண்ணன் ஹோஷிமும் தம்பி இல்ஹோமும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. அப்பாவின் ஓடாத மாஸ்க்விச் கார் யாருக்கு என்று ஆரம்பித்த சண்டை. வீடு இரண்டானது, நடுவில் தடித்த சுவர் வந்தது. கார் துருப்பிடித்துப் போனது. எங்கள் மர்கிலான் ஊரில் இந்தக் கதை தெரியாதவர் யார்?

"அடைக்கச் சொல்லி உத்தரவு எழுதுப்பா. நேர்ல குடுத்துட்டு வந்துடலாம்."

எழுதினேன். சீலும் குத்தினேன்.

ஹோஷிம் தொட்டில் செய்கிறவர். பட்டறை என்பது ஒரு சின்ன அறை. அதில் மேசை மாதிரி ஒரு சின்ன ரம்ப மிஷின். தொட்டில் கட்டைக்கு அது தாராளம். இப்போதோ ஆளைவிடப் பெரிய பிளைவுட் ஷீட்டுகளைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். எதிரே தம்பி வீட்டுப் பக்கச் சுவரில், மிஷின் உயரத்துக்கு, நீளவாக்கில் ஒரு ஓட்டை.

"என்ன ஹோஷிம், தொட்டில் போயி இப்ப மாளிகை கட்டுறியா?"

"எம்பொண்ணு நிகோரா கல்யாணம்க்கா. இன்னும் பன்னண்டு நாள்தான். பீரோ, கட்டில் எல்லாம் பொண்ணு வீட்டுலதானே அனுப்பணும்? கடையில வாங்க எனக்கு வக்கில்ல. நானே செய்யறேன்."

"அதுக்குத் தம்பி சுவத்தையா உடைப்ப?"

"ஷீட்டு கிட்டத்தட்ட மூணு மீட்டர் நீளம். மிஷினுக்கு இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு வேணும். அறையே நாலு மீட்டர்தான். அறுத்த பலகை எங்க போகும்? சுவத்துக்குள்ளதான் போகணும்."

"மிஷினை வெளிய தூக்கி வையேன்."

"சிமெண்ட்ல பதிச்சதுக்கா. அசையாது."

"சரி, அவனை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கறதுக்கு முதல்ல பேசணுமே!"

மன்சூரா அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "பொண்ணுக்குக் கல்யாணம் பண்ற வயசு. கூடப் பொறந்தவன்கிட்ட வாயைத் திறந்தா கிரீடம் இறங்கிடுமா?"

நான் உத்தரவை நீட்டினேன். ஹோஷிம் படித்தார். முகம் செத்துப் போயிற்று.

"இல்ஹோமா மனு குடுத்தான்?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார், "இல்ஹோமேவா?"

"பின்ன நானா?" என்றார் அக்கா.

"இன்னும் பதினோரு ஷீட்டு இருக்குக்கா. இதை அடைச்சா எம்பொண்ணு வெறுங்கையோட போவா. காலம் பூரா சொல்லிக்காட்டுவாங்க."

"அதை உடைக்கிறப்ப யோசிச்சிருக்கணும்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தப்பு தப்புதானே?

"மிஷின்ல ஏத்தின இந்த ஒண்ணை மட்டும் முடிச்சுக்கறேன்" என்று கெஞ்சினார். அக்கா வெளியே நடந்தார். மனுக் கொடுத்தவனிடமும் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். தெருவைச் சுற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனோம்.

வாசலில் இல்ஹோமின் வாடகை வேன் நின்றது. நல்ல சவாரி நேரம். ஆள் உள்ளே, முற்றத்துச் சுவரோரம், கையில் தடித்த உறையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"உனக்கு நியாயம் கிடைச்சாச்சுப்பா" என்றார் அக்கா. "ஓட்டையை அடைக்கச் சொல்லி உத்தரவு போட்டாச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடு."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடைக்கவா? யாரு அடைக்கச் சொன்னது?"

"நீதானேடா மனு குடுத்த?"

அதற்குள் மிஷின் அலறியது. ஓட்டையில் ஒரு பலகை தலைநீட்டியது. இல்ஹோம் ஓடிப்போய் இரண்டு உள்ளங்கையையும் கீழே கொடுத்துத் தாங்கினான். பலகை வர வர, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தான். செங்கல்லில் உரசி அது கிறீச்சிட்டது.

பதறிப்போன அக்கா ஒரு முனையைப் பிடித்தார்.

"ஐயோ, இழுத்துடாதீங்கக்கா! தாங்கினாப் போதும். இழுத்தா அங்க ரம்பத்துல கோணிக்கும்."

மிஷின் நின்றது. அறுத்த பலகைகளை ஒவ்வொன்றாக ஓட்டை வழியாகவே திருப்பித் தள்ளினான். அந்தப் பக்கம் ஒரு கை வாங்கிக்கொண்டது. இரண்டு பக்கமும் ஒரு பேச்சில்லை.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"ஓட்டை போட்ட அன்னைலருந்து. பலகை தொங்குச்சு, பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது? சவாரி சாயங்காலம் ஓட்டிக்கறேன்."

"அப்புறம் எதுக்குடா எங்களுக்கு மனு?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"நீங்களே பாத்தீங்கள்ல, எப்படி உரசுதுன்னு? என்னைக்காவது ஒரு நாள் சிக்கிக்கும். சிக்கினா அந்த மிஷின் பலகையைத் திருப்பி அண்ணன் வயித்துலயே அடிச்சிடும். நான் போய்ச் சொல்லலாம்னா, எங்களுக்குள்ளதான் பேச்சு இல்லையே. ஓட்டை அகலமாகட்டும்னு என் பக்கம் நாலு கல்லை நானே எடுத்துட்டேன்க்கா. அவர் பக்கமும் நாலு கல்லை எடுக்கச் சொல்லி உத்தரவு போடுங்க, சீலோட!"