சம்மதத்துக்குப் பாட்டில்லை

கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று, மழைக்கு ஒழுகாது, வந்துவிடு என்று பாடி முடித்து, தேரியோ கிட்டாரை ஒரு தட்டுத் தட்டினான்.

இனி பெலாஹியா மறுக்க வேண்டும்.

பலிடாவ் பாட்டின் முறையே அதுதான். ஆண் கெஞ்சுவான், பெண் மட்டம் தட்டுவாள். இரண்டு பேரும் வாயில் வந்ததை அந்த நிமிஷமே பாட்டாக்க வேண்டும். ஒருவர் வாயடைத்துப் போகும்வரை ஊர் கள்ளைக் குடித்துக்கொண்டு கேட்கும்.

திருவிழாவுக்குத் திருவிழா பெலாஹியா மறுத்துக்கொண்டுதான் இருந்தாள். சும்மாவும் இல்லை. போன வருஷம் முழுக்க அவன் தொப்பையைப் பற்றியே பாடினாள்.

தேரியோ லேசுப்பட்டவனா? உடைந்த கிட்டாரில் தூண்டில் நரம்பைக் கட்டி, தானே தட்டித் தடவிக் கற்றவன். ஸ்வரக் குறிப்பில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. ஆனால் செபு வானொலியில் அவன் பாட்டு வராத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. போஹோல் தீவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவன் மெட்டுதான். அப்பேர்ப்பட்டவனை இந்தப் பொம்பளை மேடையில் நிறுத்தி நார்நாராய்க் கிழிப்பாள், ஊர் விசிலடிக்கும்.

இந்தத் தடவை விஷயம் வேறு. அடுத்த மாதம் தங்கை குடும்பத்தோடு அவளும் கடல் தாண்டித் தாவோ நகரத்துக்கே போய்விடுகிறாளாம். இன்றைக்கும் மாட்டேன் என்றால், அவ்வளவுதான், இனி அவள் இல்லை.

அதனால் திருட்டுத்தனமாகத் தயார் செய்து வந்திருந்தான். குடிகாரன் என்றால் அதற்கொரு பதில். சோம்பேறி என்றால் ஒன்று. கிழவன் என்றால்கூட ஒன்று வைத்திருந்தான், அதை நினைத்து நினைத்து அவனே சிரித்தான்.

பெலாஹியா முன்னால் வந்தாள். விசிறியை மடக்கினாள்.

சரி, வருகிறேன் என்று பாடினாள். ஒரே அடி.

அவன் விரல் நரம்பிலேயே நின்றுவிட்டது.

சம்மதத்துக்கு அவனிடம் பாட்டே இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது.

"தேரியோ அண்ணே தோத்துட்டாருடோய்!" என்று மீன்காரன் பண்டோய் கத்தினான். மைதானமே கெக்கலி கொட்டியது.

பெலாஹியா பாட்டை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்தாள்.

"முழிக்காதய்யா. வாசல் சாவி இன்னும் அந்தப் பூந்தொட்டிக்கு அடியிலதான இருக்கு?"

இருந்தது. அவள் வளர்த்த சினைப்பன்றியை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்று, புதுக் கிட்டார் வாங்கிக்கொண்டு வந்தால் எந்தப் பெண்டாட்டிதான் சும்மா இருப்பாள்? அன்றைக்கே வாசலைப் பூட்டி, சாவியைத் தொட்டிக்கடியில் வைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனவள்தான்.

ஏழு வருஷமாகத் தேரியோ அந்தச் சாவியைத் தொடவில்லை. கொல்லைப்புறமாகத்தான் வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தான்.